மார்த்தா பள்ளியைப் பார்க்க வந்தவர்

செலின் டீச்சருக்கு அந்தக் கட்டடத்தின் மேல் பெரிய பிரியம் ஒன்றும் கிடையாது. இதை வெளியே சொன்னால் பூந்தமல்லியில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். புனித மார்த்தா பெண்கள் பள்ளியின் பழைய கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று நாலு வருஷமாக மனு எழுதி எழுதி ஓய்ந்துபோனவள் அவள்தான். ஆனாலும் மழைக்காலத்தில் பதினோரு இடத்தில் ஒழுகுகிற கட்டடத்தின் மேல் யாருக்குப் பிரியம் வரும்? அவளுக்கு வேண்டியிருந்தது அதன் பின்கட்டில் இருந்த ஒரே ஓர் அறை.

பாரிவாக்கம் போகிற சாலையில், புளியமரங்களுக்குப் பின்னால் இருந்தது அந்தக் கட்டடம். பள்ளிக்கூடம் 1984-லேயே பெரிய சாலைக்குப் பக்கத்தில் மூன்று மாடிக் கட்டடத்துக்குக் குடிபோய்விட்டது. அதற்கப்புறம் பழைய கட்டடம் தேர்தல் வந்தால் ஓட்டுச்சாவடி, மற்ற நாளில் வௌவால் மண்டபம் என்று ஆனது. முன்காலத்தில் போர்டிங் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவருக்கென்று கட்டின அறையில், கல்யாணம் ஆகாத ஓவிய டீச்சரான செலின் 1967-ல் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாள். ரிட்டயர் ஆன பிறகும் கன்னியாஸ்திரீகள் அவளைக் காலி செய்யச் சொல்லவில்லை. 1991-ல்தான், கட்டடத்தை இடித்துவிட்டு அங்கே கல்யாண மண்டபம் கட்டப்போவதாகச் சொன்னார்கள். மண்டபத்து வருமானத்தில் புதுப் பள்ளிக்கு லேபரட்டரி வருமாம். தப்பே சொல்ல முடியாத காரணம், அதுதான் எரிச்சல்.

அறை போனால் கொரட்டூரில் தம்பி இக்னேஷியஸ் வீடு. தங்கமான தம்பி. அவன் பெண்டாட்டி பத்மாவும் நல்லவள்தான், ஒரு வார்த்தை கூட்டிப் பேசமாட்டாள். ஆனால் அந்த வீட்டில் செலினுக்கு இருந்தது கூடத்தில் டிவிக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே ஒரு பாய். எல்லாரும் பார்த்து முடித்த பிறகு படுக்க வேண்டும், பால்காரன் வருவதற்கு முன்னால் எழுந்து சுருட்ட வேண்டும். நடுவில் யார் தண்ணீர் குடிக்க வந்தாலும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு மனுஷிக்கு உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஒரு கதவு வேண்டாமா? இதைத் தம்பியிடம் கேட்டால் அவன் அழுதுவிடுவான். அதனால் கேட்டதில்லை.

அந்தச் சமயத்தில்தான் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. நகரத்தில் ஒரு குழு பழைய கட்டடங்களைப் பட்டியல் போடுகிறது, அதில் சேர்ந்துவிட்டால் சொந்தக்காரரே நினைத்தாலும் இடிக்க முடியாது என்று. செலின் அதை வெட்டி எடுத்துக்கொண்டாள். அன்று முதல், இருபத்துநாலு வருஷமாகத் தலை நிமிர்ந்து பார்க்காத சுவர்களை நிமிர்ந்து பார்க்க ஆரம்பித்தாள். சுண்ணாம்பும் கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு, கன்னத்தைத் தொட்ட மாதிரி வழவழவென்று இருந்தது. உத்திரமெல்லாம் பர்மா தேக்கு. ஜன்னல்களில் சாய்த்துத் திறக்கிற மரச்சட்டம். வாசல் வளைவுக்கு மேலே, 1886 என்று லத்தீன் எழுத்தோடு ஒரு கல். முதல் வருஷத்து ரிஜிஸ்தரில் பதினாலு பெண்கள். திரை போட்ட மாட்டு வண்டியில் வந்தவர்கள் பாதி, அநாதைகள் பாதி. எல்லாவற்றையும் தன் அழகான கையெழுத்தில் எழுதி, ஸ்டுடியோக்காரரை வைத்துப் படம் எடுத்து ஒட்டி அனுப்பினாள். தன் அறையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

நாலு வருஷத்தில் பதினேழு மனு. அதற்குப் பதில் வருகிறவரை கன்னியாஸ்திரீகளும் இடிக்காமல் காத்திருந்தார்கள். பதில் 1995 ஜூலையில் வந்தது. ஆகஸ்ட் பத்தொன்பது, சனிக்கிழமை, காலை பதினோரு மணிக்குக் குழுவிலிருந்து ஒருவர் பார்வையிட வருவார். பார்த்ததை வைத்துத்தான் முடிவு.

அந்தக் கடிதத்தை அவள் ஒரே ஒருத்தியிடம் காட்டினாள். ராபியா அவளிடம் படித்த பெண். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் புருஷன் நஜீரோடு பெயிண்ட் கடை வைத்திருந்தாள். செலினுக்குக் காய்ச்சல் என்றால் ரசம் கொண்டுவருகிறவள், பல்பு போனால் மாட்டித் தருகிறவள். பெற்ற பிள்ளையைவிட அதிகம் என்று செலின் சொல்வதுண்டு, பெறாததால் சுலபமாகச் சொல்ல முடிந்தது.

"இன்னா டீச்சர் எழுதிகீது? இங்கிலீஷ்ல கீதே" என்றாள் ராபியா.

"பெரிய மனுஷங்க பாக்க வர்றாங்கடி. அவங்க பாத்து நல்லா இருக்குன்னு எழுதிட்டா போதும். யாரும் இடிக்க முடியாது. நான் சாகுற வரைக்கும் இங்கயே கெடக்கலாம்."

"அப்டியா? அல்லா கண்ணத் தொறந்துட்டான்னு சொல்லுங்க!"

அவ்வளவுதான் பேச்சு. அதற்கு மேல் விளக்க அன்றைக்குச் செலினுக்குத் தெம்பு இல்லை. அந்த வாரமே பத்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று இக்னேஷியஸ் வந்து நின்றான். சாவியை ராபியாவிடம் கொடுத்துவிட்டுச் செலின் கொரட்டூருக்குப் போனாள். பத்தியச் சமையல், துணி, பிள்ளைகளுக்கு டிபன், நடுராத்திரியில் பத்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போவது. மூன்று வாரம் பாயில் படுத்து இடுப்பு விட்டுப்போயிற்று. பதினெட்டாம் தேதியே திரும்ப நினைத்தாள். பத்மாவுக்குக் காய்ச்சல் கண்டதால் பத்தொன்பது காலையில்தான் கிளம்ப முடிந்தது. மின்சார ரயிலில் ஆவடி வந்து, பஸ் பிடித்து, பள்ளி வாசலில் இறங்கும்போது மணி ஒன்பதரை.

இறங்கினவள், வேறு எங்கோ இறங்கிவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தாள்.

புளியமரங்கள் இருந்தன. அவற்றின் அடிப்பாகத்துக்குக் காவியும் வெள்ளையும் அடித்திருந்தது. பின்னால் பச்சைப் பசேல் என்று ஒரு கட்டடம், பொரித்த கத்தரிக்காய் நிறத்தில் கரை போட்டு, நேற்றுத்தான் கட்டி முடித்த ரைஸ்மில் மாதிரி நின்றது. சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமென்ட் பூசியிருந்தார்கள். மரச்சட்ட ஜன்னல்கள் போய், மயில் தோகை விரித்த இரும்புக் கிரில். தேக்குக் கதவுகளுக்கு எனாமல் பெயிண்ட். வராந்தாவில் மொசைக். வாசல் வளைவுக்கு மேலே பழைய கல் இருந்த இடத்தில் கறுப்பு கிரானைட் மின்னியது. தங்க எழுத்தில், 'செலின் டீச்சர் அவர்களின் அயராத முயற்சியால், முன்னாள் மாணவிகள் புதுப்பித்தது, 1995.'

ஏணியிலிருந்து ஒருவன் இறங்கி வந்தான். ராபியா கடைக்கு எப்போதும் வருகிற பால்ராஜ் மேஸ்திரி. ராபியா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். மூன்று வாரமாகத் தூங்காத கண், முழங்கை வரை பச்சை.

"இன்னா டீச்சர், அப்டியே நின்னுட்டீங்க? சொல்லக் கூடாதுன்னு எல்லாருக்கும் வாயப் பூட்டி வச்சிருந்தேன். எய்ட்டி பேட்ச்சு, எய்ட்டி ஒன் பேட்ச்சு, எல்லாப் பொண்ணுங்களும் வந்து மண்ணு சொமந்துச்சிங்க டீச்சர். சாமானெல்லாம் நம்ம கடைதான்."

"சிஸ்டருங்க ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டாள் செலின்.

"பெரிய சிஸ்டர் கைல கேட்டேன். தாராளமா செய்யுங்கம்மான்னாங்க. ஒரு நாளு வந்து டீ கூட வாங்கிக் குட்த்தாங்க."

தாராளமாகத்தான் சொல்லியிருப்பார். தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்பது அந்தச் சிஸ்டருக்கும் ஆண்டவருக்கும்தான் வெளிச்சம்.

ராபியாமேல் கோபப்படச் செலினுக்கு மனசு வரவில்லை. ஏனென்றால் இந்தப் பாடத்தை நடத்தியதே செலின்தான். இன்ஸ்பெக்‌ஷன் என்றால் பதினைந்து நாளுக்கு முன்பே பிள்ளைகளைப் புத்தகத்தை மூடச் சொல்லிவிடுவாள். சுவரில் விரிசலா, மேப்பை மாட்டு. பெஞ்சு உடைந்ததா, பின்வரிசையில் தள்ளி ஒல்லியான பெண்ணை உட்கார வை. பூந்தொட்டிக்குக் காவி, மரத்துக்கு வெள்ளை, கரும்பலகைக்கு ஊமத்தை இலையும் கரியும். ராபியா எட்டாவது படிக்கும்போது ஒரு தொட்டிக்குக் காவி அடிக்க விட்டுப்போனதற்கு, செலின் அவளை மதியம் முழுக்க வெயிலில் நிற்க வைத்திருக்கிறாள். பார்க்க வருகிறவர் கண்ணில் பழசு படக் கூடாது. இத்தனை வருஷத்தில் இதை மட்டும் ஒரு பெண்ணும் மறக்கவில்லை.

"உங்க ரூமப் பாருங்க டீச்சர்" என்று ராபியா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

பார்த்தாள். ஒழுகுகிற ஓட்டுக் கூரை போய் மேலே கான்கிரீட். புது ஃபேன். கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒரு கதவு, அதைத் திறந்தால் வெள்ளை டைல்ஸ் போட்ட கக்கூஸ், குழாயைத் திருகினால் தண்ணீர். இருபத்தெட்டு வருஷமாக மழையிலும் பனியிலும் குடையும் டார்ச்சுமாக முற்றம் தாண்டிப் போனவள் அவள். கட்டிலில் உட்கார்ந்தாள். கண்ணீர் வந்தது. ராபியா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, தானும் அழுதாள்.

குழுவிலிருந்து வந்தவர் பெயர் லட்சுமணன். நாற்பது வயதுக்குள் இருக்கும், தோளில் கேமரா, கையில் செலின் அனுப்பிய மனுக்களின் கட்டு. வாசலில் நின்று படத்தைப் பார்த்தார், கட்டடத்தைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். சுவரை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். கேமராவைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை.

"மேலே ஒரு கல் இருந்ததே, லத்தீன் எழுத்து போட்டு. அது எங்கே?"

பால்ராஜ் முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டான். "அது தேஞ்சி பூட்ச்சி சார். ஒரு எய்த்தும் பட்ச்சிக்க முடில. வேஸ்ட்டு பண்ணல சார், டீச்சர் கக்கூசுக்குப் படியா போட்டுகீறேன். சும்மா கில்லி மாதிரி கீது."

லட்சுமணன் கண்ணை மூடித் திறந்தார். செலினைத் தனியாக வராந்தாவின் ஓரத்துக்குக் கூட்டிப்போனார்.

"மேடம், உங்க மனுவ எல்லாம் நான் படிச்சிருக்கேன். இந்தப் பக்கத்துல இப்படி ஒரு கட்டடம் வேற இல்லன்னு எங்க குழுவிலயே நான்தான் வாதாடினேன். இப்ப இதுல எதைன்னு எழுதறது? ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுச் சொல்லுங்க. சொந்தக்காரங்க பட்டியல்ல சேரக் கூடாதுன்னு வேணும்னே சிதைச்சிருந்தா, அதுக்கு எங்க விதியில ஒரு வழி இருக்கு. பழைய படத்தை வச்சே மதிப்புப் போடுவோம், இடிக்கவும் விடமாட்டோம். ஆனா மனு குடுத்தவங்க பக்கத்து ஆளுங்களே செஞ்சிருந்தா, நாங்க ஒண்ணும் பண்றதுக்கில்ல. இதை யார் செஞ்சது? கான்வென்ட்டா?"

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அது முழுப் பொய்கூட இல்லை. பெரிய சிஸ்டர் தாராளமாக என்றாரே, டீ வாங்கிக் கொடுத்தாரே. வாழ்க்கையில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லும்படி ஒரு நல்ல பாவம்கூடச் செய்ததில்லை, இதைச் செய்துவிட்டுப் போகலாம் என்று இருந்தது. அந்தக் கட்டில், அந்தக் கதவு, அந்தக் குழாய். வாயைத் திறந்தாள்.

"நாங்கதான் சார் செஞ்சோம்!" ராபியா தட்டில் டீயும் பட்டர் பிஸ்கட்டுமாக வந்து நின்றாள். "கான்வென்ட்ல இருந்து ஒரு செங்கல்லு வரல. அல்லாம் எங்க டீச்சருக்காக நாங்களே செஞ்சோம். உள்ள வந்து மொசைக்கப் பாருங்க சார்."

திறந்த வாயைச் செலின் மூடிக்கொண்டாள். லட்சுமணன் அவளையே ஒரு கணம் பார்த்தார். பிறகு டீயை வாங்கிக் குடித்தார், மொசைக்கையும் பார்த்தார். ராபியா கேட்டதற்கு, ரொம்ப உழைச்சிருக்கீங்கம்மா என்று மட்டும் சொன்னார். நல்ல மனுஷன். போகும்போது செலினிடம், "மன்னிச்சுக்கங்க மேடம்" என்றார். அவர் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரியவில்லை.

"இன்னா சொன்னாரு டீச்சர்?" ராபியாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ரொம்ப நல்லா இருக்குன்னார்."

"சொன்னேன்ல! நீங்க இனிமே காலை நீட்டிப் படுங்க."

படுத்தாள். ஆறு வாரம் அந்த அறையில் செலின் மகாராணி மாதிரி வாழ்ந்தாள். அந்த வருஷத்துச் செப்டம்பர் மழையில் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. சுகம் என்றால் என்னவென்று தெரிந்துகொண்ட பிறகு அதை விட்டுப் போக வேண்டுமே என்பதுதான் சங்கடமாக இருந்தது. பழைய ஒழுகல் அறையாக இருந்தாலாவது, தொலைந்தது சனியன் என்று போயிருக்கலாம்.

குழுவின் கடிதம் வந்தது. அசல் கட்டுமானம் எதுவும் மிஞ்சியிராததால் பாதுகாக்கும் தகுதி இல்லை. மறுநாளே பெரிய சிஸ்டர் நேரில் வந்து, கையைப் பிடித்துக்கொண்டு, அக்டோபர் முடிவதற்குள் வசதிப்பட்டபோது காலி செய்தால் போதும் என்றார். ராபியாவிடம் செலின், அவங்க ஒத்துக்கலையாம் என்று முடித்துக்கொண்டாள். காரணத்தைச் சொல்வதில்லை என்று தீர்மானம் செய்திருந்தாள். அந்தப் பெண்ணுக்கு அது தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

சாமான் ஏற்ற ராபியா கடை டெம்போவையே கொண்டுவந்தாள். கட்டில், டிரங்குப் பெட்டி, மாதா படம், ஸ்டவ். நஜீர் ஓட்ட, முன் சீட்டில் மூன்று பேரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். கரையான்சாவடி தாண்டும்போது ஆரம்பித்த ராபியா வாயை மூடவேயில்லை.

"கண்ணு அவிஞ்சவன் டீச்சர் அந்த ஆளு. பிஸ்கட்ட மட்டும் நல்லா துன்னான். இவ்ளோ பளபளன்னு வச்சும் புடிக்கலன்னா, அவனுக்கு இன்னாதான் வோணுமாம்? எனுக்கு அட்ரஸ் குடுங்க, நானே போய் கையோட கூட்டாரேன். பச்ச புடிக்கலியா, கிரீம் கலர் அடிச்சிக் காட்டலாம். நஜீரு, நம்ம கடைல கிரீம் எத்தினி டின் கீது? டீச்சர், நீங்க ஒரு மாசம் தம்பி ஊட்ல இருங்க. நான் மறுக்கா அடிச்சி—"

"ராபியா, போதும்டி."

"இல்ல டீச்சர், நீங்க வுட்டுக் குடுக்கறீங்க. கிரில்லு டிசைன் மாத்தணும்னாகூட மாத்தலாம். பால்ராஜ் ரெண்டே நாள்ல—"

"அவர் பழசைப் பாக்கத்தான் வந்தார்." செலினுக்கு அலுப்பு தாங்கவில்லை. சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை, அந்தப் பேச்சு நின்றால் போதும் என்றிருந்தது. "பழசு பழசாவே இருந்தாத்தான் இடிக்கக் கூடாதுன்னு எழுதுவாங்க. அந்தச் சுண்ணாம்பு, அந்த ஜன்னல், அந்தக் கல்லு. அதுக்காகத்தான் வந்தார்."

பேச்சு நின்றது. நஜீர் சாலையையே பார்த்து ஓட்டினான். மதுரவாயல் வந்தது, போயிற்று. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் விட்டுச் சைக்கிள்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு போக, டெம்போ நகர முடியாமல் நின்றது. அப்போதுதான் ராபியா கேட்டாள்.

"அப்போ, நாந்தானா டீச்சர்?"

இந்தக் கேள்விக்கு ஆறு வாரமாகச் செலின் பதில் தயார் செய்து வைத்திருந்தாள். நீ என்னடி பண்ணுவே, ஆண்டவர் சித்தம், எப்படியும் இடிச்சிருப்பாங்க என்று மூன்று நாலு விதமாக. வாயில் வந்தது வேறு.

"நான் உனக்கு வெவரமா சொல்லாம போயிட்டேன்" என்றாள். அதில் ஆமாம் என்கிற பதில் இருந்தது. ராபியா முட்டாள் இல்லை.

கொரட்டூரில் ராபியா யாரையும் ஒரு சாமானையும் தொடவிடவில்லை. டிரங்குப் பெட்டியைத் தானே தூக்கிப்போய்ப் பிரிட்ஜ் பக்கத்தில் வைத்தாள். மாதா படத்துக்கு ஆணி அடித்தாள். கட்டிலைப் போடக் கூடத்தில் இடம் இல்லை என்று இக்னேஷியஸ் தலையைச் சொறிந்தபோது, அதை மறுபடி டெம்போவில் ஏற்றச் சொன்னாள். பத்மா காப்பி கலந்துகொண்டு வந்தாள். நோன்பு இல்லாத நாளிலேயே, ராபியா நோன்பு என்று சொல்லிவிட்டாள்.

செலின் வாசல்வரை வந்தாள். "மறுபடி எப்ப வருவே?"

"பாக்கறேன் டீச்சர்" என்றாள் ராபியா, டெம்போ கதவைச் சாத்திக்கொண்டே.

செலினுக்கு அந்தப் பதில் பழக்கம். வயசுக்கு வந்துவிட்டாள் என்று பெண்ணை வீட்டுக்குக் கூட்டிப்போகிற அப்பன்மாரிடம், பரீட்சைக்காவது அனுப்புங்க என்று கேட்டால், இப்படித்தான் தலையைக் குனிந்துகொண்டு பாக்கறோம் டீச்சர் என்பார்கள். ஒருத்தியும் திரும்பி வந்ததில்லை. டெம்போவில் வாயை மூடிக்கொண்டிருந்தால் இழப்பு அறையோடு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, டெம்போ தெருமுனை திரும்புகிறவரை நின்றாள். உள்ளேயிருந்து பத்மா, "அண்ணி, அடுப்புல பால் இருக்கு, கொஞ்சம் பாத்துக்கறீங்களா?" என்றாள். இதோ வந்துட்டேன் என்று சொல்லிவிட்டு, செலின் இன்னும் கொஞ்ச நேரம் வெறும் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.